இருநூற்று நாற்பதாவது வீடு

பதினேழு நாள் மழை விடாமல் பெய்து, உப்பளப் பாத்திகளின் வரப்பெல்லாம் கரைந்து, எது யாருடைய அளம் என்று முதலாளிகளுக்கே தெரியாமல் போன அந்தக் கார்த்திகையில், அளத்தடிக் காலனியின் கடைசி வீட்டுக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவே, முந்தின நாள்வரை சேறு மட்டுமே கிடந்த இடத்தில், ஒரு வீடு நின்றது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பூசாத சுவர், வாசலில் இரண்டு ஆடு, உள்ளே மூன்று பேர். அதைக் கட்டிய கொத்தன் கிடையாது, செங்கல் ஏற்றி வந்த லாரி கிடையாது, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய நாளும் கிடையாது. அந்த வீட்டை ஒரு வேனுக்குள் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, இருபது நிமிடத்தில் எழுதியவள் பிரகாசி.

பிரகாசியைப் பொய்க்காரி என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது. துறைமுகச் சாலையில், முன்னாளில் உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கியாக இருந்து சுவரெல்லாம் இன்னும் ஈரம் கசிகிற மாடிக் கட்டிடத்தில், பயன்பாட்டுக் கணித, பொருளியல் ஆய்வு மையம் என்று ஒன்று இருந்தது. அதில் பதினோரு வருடமாக அவள் கள ஆய்வாளர். கணக்குப் படித்தவர்கள் அந்த மையத்தைப் பொருளியல்காரர்களின் கூடாரம் என்பார்கள், பொருளியல் படித்தவர்கள் கணக்குக்காரர்களின் கூடாரம் என்பார்கள், ஆக இரண்டு பக்கமும் முறை கொண்டாடாத அந்தக் கூரையின்கீழ், பஸ் எவ்வளவு நேரம் நின்றால் எத்தனை பேர் டிரைவரைத் திட்டுவார்கள் என்று கணக்கிட்டவரும், ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரிலிருந்து எத்தனை கொசு எத்தனை தெரு தாண்டும் என்று சமன்பாடு போட்ட டாக்டர் ஜுலேகாவும், எல்லோருக்கும் தலைவராக, சட்டைப் பையில் நான்கு பேனாவோடு பேராசிரியர் தாணுமாலயனும், ஒரே மின்விசிறியின்கீழ் ஒற்றுமையாக இருந்தார்கள். அவர்கள் போடுகிற கணக்குக்கெல்லாம் எண்களை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வந்தவர்களில் பிரகாசிதான் மூத்தவள். நாய் துரத்தியிருக்கிறது, குடிகாரன் படிவத்தைக் கிழித்திருக்கிறான். ஒருநாளும் அவள் கேட்காத பதிலை எழுதியதில்லை.

அந்த வருடத்து வேலை கண் மருத்துவமனை. அளத்தில் வேலை செய்கிறவர்களின் கண்ணை வெயிலும் வெள்ளை உப்பும் சேர்ந்து நாற்பது வயதுக்குள் தின்றுவிடும். ஓர் அறக்கட்டளை ஒரே ஒரு மருத்துவமனை கட்டித் தரச் சம்மதித்திருந்தது. அதை எந்த இடத்தில் கட்டினால் எல்லோருக்கும் சேர்த்து நடை மிகக் குறையும் என்று மையம் சொல்ல வேண்டும். நான்கு காலனி, காலனிக்கு அறுபது வீடு, வீட்டுக்கு அறுபத்து நான்கு கேள்வி. ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு, மற்றவை என்றால் ஏழு, தெரியாது என்றால் ஒன்பது.

அளத்தடிக் காலனியில் பட்டியல்படி அறுபது வீடு. தெருவில் ஐம்பத்தொன்பதுதான் இருந்தது. அறுபதாவதைத் தேடலாம் என்றால் முழங்காலுக்குமேல் தண்ணீர். டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே, “யக்கா, பாலம் முங்கிட்டுன்னா நாம ரெண்டு பேரும் இங்கயேதான் குடியிருக்கணும்” என்றான். அறுபதாவது வீடு தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் இருக்கும் என்று பிரகாசி தன் மனசாட்சிக்கு ஒரு சமாதானம் சொல்லி, வேனில் ஏறி, ஈரச் சேலையோடு எழுத ஆரம்பித்தாள். அந்தக் காலனியின் சராசரியெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். குடும்பத் தலைவி சந்தனமாரி, வயது முப்பத்தெட்டு. மகள், வயது ஒன்பது, நான்காம் வகுப்பு. தம்பி, வயது முப்பது, வேலைக்குப் போகவில்லை. காரணம்? பிரகாசிக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. ஏழு என்று போட்டாள். ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, ஆடு இரண்டு, காலணி எவருக்கும் இல்லை, கண் எரிச்சல் நான்கு வருடமாக.

முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்தொன்று வரையுள்ள கேள்விகள், வெளியூர் போன குடும்ப உறுப்பினர் பற்றியவை. அங்கே மட்டும் அவள் சராசரியைப் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை, கை தானாக எழுதியது. யார் போயிருக்கிறார்? கணவர். எப்போது? நான்கு வருடம் முன். திரும்பி வருவார் என்று எதிர்பார்க்கிறீர்களா? ஒன்று.

எழுதி முடித்ததும் வேன் கிளம்பியது. பாலம் முங்கவில்லை.

மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி வந்த வீடுகளில் பத்தில் ஒன்றைக் குலுக்கலில் எடுத்து, தலைவரே நேரில் போய், சும்மா பத்துக் கேள்வி கேட்டுச் சரிபார்ப்பார். மழை ஓய்ந்து இரண்டு வாரம் கழித்துத் தாணுமாலயன் குலுக்கினார். முதல் எண்ணே இருநூற்று நாற்பது.

“பிரகாசி, இது உங்க பக்கம்தானே? வாங்க, ஒரு எட்டு போய்ட்டு வந்துருவோம்.”

வேனில் போகும்போது உண்மையைச் சொல்லிவிட அவள் மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் அவர் வெங்காய விலையைப் பற்றிப் பேசினார். வேன் கடைசித் திருப்பத்தில் திரும்பியது. அங்கே வீடு நின்றது. ஆடு இரண்டு. வாசலில் ஒருத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “வாங்க டீச்சர், அன்னைக்கு மழையில வந்து எழுதிட்டு ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமப் போனீயளே” என்றாள்.

தாணுமாலயன் பத்துக் கேள்வி கேட்டார், பத்துக்கும் படிவத்தில் உள்ளபடியே பதில் வந்தது, அவர் நான்கு பேனாவில் ஒன்றை எடுத்துச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். பிரகாசிக்கு முதலில் தப்பித்தோம் என்றுதான் இருந்தது. காப்பி வந்தது. குடித்தாள். சூடு இருந்தது, நிறம் இருந்தது, ருசி என்று ஒன்று இல்லவே இல்லை. அவளுடைய படிவத்தில் ருசியைப் பற்றிக் கேள்வி கிடையாது. அந்த ருசியில்லாத காப்பியைச் சந்தனமாரி எவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்து நீட்டினாள் என்று நினைத்து, பிரகாசி அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தப்பித்தோம் என்று நினைத்ததற்கு அப்போதுதான் வெட்கப்பட்டாள்.

தெரு அந்த வீட்டை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் வாரம் சண்டை போட்டுத்தான். இடம் யாருடையது என்று ஒரு சண்டை, குழாயடியில் எத்தனையாவது முறை என்று ஒரு சண்டை, ஆடு மேய்ந்துவிட்ட முருங்கைக்காக ஒரு சண்டை. ஒரே நாளில் எப்படி வீடு வந்தது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. மழைக்கு எத்தனையோ போகிறது, ஒன்று வந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள். சண்டை போட்ட களைப்பில் பக்கத்து வீட்டு லூர்தம்மாள் சந்தனமாரியை உட்காரவைத்து, “ஒனக்கு எந்த ஊருளா, ஆத்தா அப்பன் யாரு?” என்று விசாரித்தாள். படிவத்தில் சொந்த ஊர் உண்டு. தாய் தகப்பன் கிடையாது. சந்தனமாரி முழித்தாள். “சரி விடு, எங்க அத்தை வழியில சாயல்குடி பக்கம் ஒரு கூட்டம் உண்டு, மூக்கு அப்படித்தான் இருக்கும், எனக்கு நீ மைனி முறை” என்று லூர்தம்மாள் தீர்த்துவைத்தாள். அன்றிலிருந்து மைனிதான். தாய்வீட்டில் மைனி செய்ய வேண்டிய சீரெல்லாம் செய்யவில்லை என்று மறுவாரமே ஒரு கோபமும் வந்துவிட்டது.

இப்படித்தான் ஒன்றொன்றாக. அவர்களிடம் அறுபத்து நான்கு பதில் இருந்தது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. குழம்புக்கு என்ன போடுவது என்று சந்தனமாரிக்குத் தெரியாது. ஐந்தாம் வீட்டுக்காரி கருவாட்டோடு வந்து கற்றுக்கொடுத்து, கூடவே தன் நாத்தனாரைப் பற்றிய குற்றச்சாட்டையும் கொடுத்துவிட்டுப் போனாள். எதற்குச் சிரிப்பது என்று அந்தத் தம்பிக்குத் தெரியாது. டீக்கடை பெஞ்சில் பத்து நாள் உட்கார்த்தி வைத்ததில் தேவைக்குமேலேயே சிரிக்கக் கற்றுக்கொண்டான். அவனுக்குப் பெயரும் கிடையாது, படிவத்தில் தலைவிக்கு மட்டும்தான் பெயர். “ஏன்டே வேலைக்குப் போகல?” என்று யார் கேட்டாலும் மரியாதையாக, “ஏழு” என்பான். ஏழு என்றால் என்ன என்று எவருக்கும் விளங்கவில்லை, கேட்கக் கேட்க அதுவே அவன் பெயராகிப்போனது. சும்மா இருக்கிறானே என்று, தண்ணீர் லாரி வருகிறதா என்று பாலத்தடியில் நின்று பார்த்து, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் கம்பியால் அடிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தார்கள். ஏழு அடித்தால் தெருவே குடத்தோடு ஓடும்.

சின்னவளுக்கும் பெயரில்லை. ஒருநாள் குழாயடியில் அவளை, “ஏட்டி, உம் பேரென்ன?” என்று கேட்டு, அவள் நெடுநேரம் யோசித்து, “மகள்” என்று சொன்னபோது, லூர்தம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். “நாலும் ஆம்பளப் பிள்ளையாப் பெத்துட்டு, பொம்பளப் பிள்ளைக்குன்னு நான் நெனச்சு வச்ச பேரு இருபது வருசமா சும்மா கெடக்கு. நட்சத்திரம். நீ வச்சுக்கோ. திருப்பிக் கேக்க மாட்டேன்.” சின்னவள் அதை வாங்கிக்கொண்டு, அன்று முழுவதும் தெருவில் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்றை மட்டும் தெருவால் கொடுக்க முடியவில்லை. சாயங்காலம் ஆனால் சந்தனமாரி பாலத்தடிக்குப் போய், டவுன் பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி நிற்பாள். புருஷன் வருவானாம். ஆள் கறுப்பா சிவப்பா, மீசை உண்டா கிடையாதா என்று பெண்கள் கேட்டுப் பார்த்தார்கள், ஆளுக்கொரு மீசை சொல்லியும் பார்த்தார்கள். எந்த முகமும் அவள் மனதில் ஒட்டவில்லை. முகமே தெரியாத ஒருவனுக்காக அவள் தினமும் பஸ் வந்து போகும்வரை நின்றாள்.

வாரம் ஒரு தடவை ஏதாவது சாக்குச் சொல்லி வந்துபோன பிரகாசி, அதைத் தள்ளி நின்று பார்த்திருக்கிறாள். அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். இடது காலைச் சற்று மடக்கி, கையை மார்புக்குக் குறுக்கே கட்டி, பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவனின் செருப்பை முதலில் பார்க்கிற அந்த நிற்பு அவளுடையது. அவள் புருஷன் அருள்வளன் கப்பல் வேலைக்கென்று போய் நான்கு வருடம் ஆயிற்று. முதல் வருடம் போன் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. கப்பல் கம்பெனியில் கேட்டால் ஆள் நல்லபடியாக இருக்கிறார், வேறு துறைமுகத்தில் இறங்கிவிட்டார், விலாசம் தரவில்லை என்றார்கள். அவன் செருப்பு இன்னும் அவள் வாசல் கதவோரம் இருக்கிறது. வாரம் ஒருமுறை துடைத்துவைப்பாள். எதற்கென்று கேட்க வீட்டில் வேறு ஆளில்லை.

தன்னிடம் இருந்ததிலேயே மோசமானதை அல்லவா அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டோம் என்று அவள் பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அழுதாள்.

மாசி மாதம் நவநீதன் கண்டுபிடித்தான். மையத்தில் கணினியில் எண்களைப் போட்டுக் கோடு வரைகிறவன் அவன். ஊரில் நிலவரம் என்ன என்பதைவிடத் திரையில் அது எப்படித் தெரிகிறது என்பதில்தான் அவனுக்கு அக்கறை. வீட்டுத் தூரம், வயது, கண் எரிச்சல் எல்லாம் சேர்த்து அவன் ஒரு கோடு போட்டிருந்தான். எல்லா வீடும் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ விலகி நின்றது. இருநூற்று நாற்பது மட்டும் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு முடி அளவு விலகல் இல்லை.

“சார், உண்மையான வீடுன்னா கொஞ்சமாவது விலகும். இதை அறக்கட்டளைக்காரங்க பார்த்தா மொத்த ஆய்வையும் தூக்கி எறிஞ்சிருவாங்க. எடுத்துருவோம். இருநூத்தி முப்பத்தொம்பது போதும்” என்றான்.

“எடுத்துருங்க” என்றார் தாணுமாலயன், தலை நிமிராமலே. கணினியில் ஒரு வீட்டின் வரியை எடுப்பது அங்கே நாலு பேர் டீ குடிப்பதுபோல நடக்கிற விஷயம். வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும். எடுத்தால் கோடு எப்படி வருகிறது என்று நவநீதன் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்தான்.

அன்று மத்தியானமே லூர்தம்மாள் பிரகாசிக்குப் போன் செய்தாள். “டீச்சர், இந்த அநியாயத்தைக் கேளுங்க. பதினோரு மணிக்கு சுண்ணாம்பு கேக்கப் போறேன், வீட்டைக் காணும். அங்கிட்டு உடங்காடு தெரியுது. பத்து நிமிசம் வெயில்ல நிக்கேன். அப்புறம் வீடு வந்துட்டு. எங்களா போனீயன்னு கேட்டா, எங்கயும் போகலியே மைனிங்கா. பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன?”

பிரகாசி போனை வைத்துவிட்டு, நேராகத் தாணுமாலயன் அறைக்குப் போய், கதவைச் சாத்தாமலே எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியலில் அறுபது, தெருவில் ஐம்பத்தொன்பது, மழை, ஹாரன், வேன், பிறகு வீடு வந்தது, வரியை எடுத்தால் வீடு போகிறது.

தாணுமாலயன் முகம் சிவந்து எழுந்தார். “வேன்ல உக்காந்தா எழுதுனீங்க?”

“ஆமா சார்.”

“வேன்ல!” அவருக்கு மூச்சு வாங்கியது. “பதினோரு வருசம் பிரகாசி! உங்களை நம்பி எத்தனை கணக்குப் போட்டிருக்கேன்!” வீடு முளைத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தை வேனில் நிரப்பியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கால் மணி நேரம் திட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டார்.

மின்விசிறியின்கீழ் கூட்டம் நடந்தது. பஸ் கணக்குக்காரர், வரியை எடுக்க வேண்டாம், அறிக்கையையே தாமதப்படுத்தலாம், நிற்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றார். டாக்டர் ஜுலேகா, “வெளியில இருந்து உள்ள வந்த உயிர் எதுவானாலும் என் சமன்பாட்டுல சேர்த்துக்கிடுவேன், எப்படி வந்துச்சுன்னு கேக்க மாட்டேன். ஆனா பொய்யான எண்ணை வச்சு ஆஸ்பத்திரி கட்டவும் முடியாதுல்லா?” என்றாள். கடைசியில் நவநீதன்தான், இதுவரை ஆளையே பார்க்காமல் திரையைப் பார்த்துப் பேசியவன், முதல் தடவையாகப் பிரகாசியைப் பார்த்துச் சொன்னான்.

“மேடம், இப்ப அவங்ககிட்டப் போய் நெசமாவே கேட்டு எழுதலாம். பழைய வரியை அடிச்சுட்டுப் புதுசா ஏத்துறேன். அது மேலயே எழுத முடியாது, விதி. அடிச்சாத்தான் ஏத்த முடியும்.”

“அவங்க பழைய பதிலையே சொன்னா?”

நவநீதன் மறுபடி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். “அப்ப அந்த வீட்டுல நீங்க எழுதுனதைத் தவிர ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம், மேடம்.”

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பிரகாசி புதுப் படிவத்தோடு அந்த வீட்டுக்குள் உட்கார்ந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள், மறுமுனையில் நவநீதன். விஷயத்தை ஒளிக்காமல் தெருவுக்குச் சொல்லியிருந்தாள்; அதனால் அன்று எவரும் அளத்துக்கு வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளும் வாசலிலுமாக ஐம்பத்தொன்பது வீடும் இருந்தது. நட்சத்திரம் பிரகாசியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“அடிச்சுட்டேன்” என்றான் நவநீதன்.

முதலில் ஆடுகளின் சத்தம் நின்றது. அப்புறம் சுவர் வெளுத்து, வெளுத்த சுவருக்குப் பின்னால் உடைமரங்கள் தெரிந்தன. கூரை இருந்த இடத்தில் வெயில் விழுந்தது. மடியில் நட்சத்திரத்தின் கனம் குறைந்துகொண்டே போனதை உணர்ந்து பிரகாசி அவளை இறுக்கிப் பிடித்தாள். கேள்வி தடுமாறாமல் வந்தது. பதினோரு வருடப் பழக்கம் அது.

“வீட்டில் எத்தனை பேர்?”

“மூணு” என்றாள் சந்தனமாரி. அது பழைய பதில். கூரை மேலும் போயிற்று.

“என்ன மூணு?” லூர்தம்மாள் கத்தினாள். “மத்தியானம் என் கடைக்குட்டி எங்க சாப்பிடுதான்? ஒன் வீட்டுலதான! அவனுக்கு என் குழம்பு புடிக்காதாம், எங்க மைனி குழம்புதான் வேணுமாம். சாப்பிடுத ஆளைக் கணக்குல விடுவியோ?”

சந்தனமாரி ஒரு கணம் யோசித்தாள். பிறகு, “நாலு” என்றாள். “நாலு” என்று போனில் தட்டச்சுச் சத்தம் கேட்டது, வாசற்படி திரும்பி வந்தது.

அப்புறம் வேகம் பிடித்தது. எத்தனை வேளைச் சாப்பாடு? மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் வீட்டில் நாலு. ஆடு? ஐந்து, ஒன்றுக்குக் கால் ஊனம், அதையும் எழுதுங்க. மகள் பெயர்? படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை, பிரகாசி ஓரத்தில் எழுதினாள். நட்சத்திரம் மடியில் பழைய கனத்துக்கு வந்து, “நான் கணக்குல நூத்துக்கு முப்பத்தாறு, அதையும் போடுங்க” என்றாள். தம்பிக்கு வேலை உண்டா என்றபோது ஏழு வாசலில் விறைப்பாக நின்று, “தண்ணி லாரி பாக்குதேன். நான் இல்லன்னா இந்தத் தெரு நாக்கு வறண்டு சாவும்” என்றான், தெரு முழுக்க ஆமாம் என்றது. சுவர் வந்தது, ஆடு கத்தியது, கூரை பாதி வந்தது.

முப்பத்தொன்பதாவது கேள்வி வந்தது. அதற்குத் தெருவிடம் பதில் இல்லை.

“வெளியூர் போயிருக்கிறவர்?”

“வீட்டுக்காரரு.”

“எப்போது?”

“நாலு வருசம்.”

பழைய பதில்கள். சந்தனமாரியின் சேலைக்குப் பின்னால் உடைமரத்து முள் தெரிய ஆரம்பித்தது. நட்சத்திரம் வீறிட்டு, “யம்மா!” என்று மடியிலிருந்து பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள், பிடி நிற்கவில்லை.

“திரும்பி வருவார் என்று...” பிரகாசி பாதியில் நிறுத்தினாள். ஒன்று என்கிற பதில் அவள் வாயிலேயே இருந்தது, நான்கு வருடமாக அங்கேயேதான் இருந்தது. விழுங்கினாள். “திரும்பி வருவார் என்று எதிர்பார்க்கிறீர்களா?”

சந்தனமாரி அவளையே பார்த்தாள்.

“டீச்சர், அந்த ஆளு மொகம் எனக்குத் தெரியல. எவ்வளவோ நெனச்சுப் பாத்துட்டேன். ஒங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும்” என்றாள் பிரகாசி. ஐம்பத்தொன்பது வீடு முன்னால் அவளுக்குக் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. “மீசை உண்டு. வலது புருவத்துல ஒரு வெட்டு.”

“அப்பம் அது ஒங்க வீட்டுக்காரருலா.”

“ஆமா.”

“நான் நின்னது ஒங்களுக்காகவா?” சந்தனமாரி கேட்டதில் கோபம் இல்லை, விஷயம் புரிந்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. “காலு கடுத்துப்போச்சு டீச்சர். ரெண்டுன்னு எழுதச் சொல்லுங்க. வரமாட்டாரு. நானும் இனிப் பாக்கல. சாயங்காலம் எனக்கு ஆடு அடைக்கிற சோலி கெடக்கு.”

“ரெண்டு” என்றாள் பிரகாசி போனுக்கு.

“ரெண்டு” என்றான் நவநீதன்.

கூரையின் மீதிப் பாதி சத்தத்தோடு வந்து உட்கார்ந்தது. தூசி விழுந்தது. லூர்தம்மாள் மைனியின் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, அது வலித்து அவள் திட்டியதும்தான் சுவரில் சாய்ந்தாள். சந்தனமாரி மட்டும் பிரகாசியை விடவில்லை. மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “நீங்க என்ன போடுவிய டீச்சர், இந்தக் கேள்விக்கு?” என்று கேட்டாள்.

பிரகாசி பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மேடம், நாப்பத்திரெண்டு சொல்லுங்க” என்றான் நவநீதன். “ஒரு நிமிசம்” என்றாள் அவள். அந்த ஒரு நிமிடத்தை அவர்கள் எல்லோரும் அவளுக்குக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போயிற்று. இருநூற்று நாற்பது வீடுகளில் கோட்டைவிட்டு மிக அதிகமாக விலகி நிற்கிற வீடு கடைசி வீடுதான் என்று நவநீதன் வந்தவர் போனவர்க்கெல்லாம் திரையில் காட்டினான், அவனே பெற்று வளர்த்ததுபோலப் பெருமை. பிரகாசியின் மற்ற ஐம்பத்தொன்பது படிவத்தையும் தாணுமாலயன் வெயிலில் வீடு வீடாக நடந்து, ஒரு கேள்வி விடாமல் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தும் அவளிடம் பங்குனி முடியும்வரை பேசவில்லை. மருத்துவமனைக்குக் குறித்த இடம் கடைசி வீட்டை உத்தேசித்து நாற்பது அடி கிழக்கே நகர்ந்தது. அந்த நாற்பது அடியில் சின்னக் கல்லொன்று நட்டிருக்கிறார்கள். ஆடு அதில் முதுகு உரசும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரகாசி ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். பாலத்தடியில் வெறுங்காலோடு, சுடுகிற தார்ச்சாலையில் கால் மாற்றி மாற்றி நின்ற ஏழுவைக் கூப்பிட்டு, பையிலிருந்த செருப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். தோல் செருப்பு, நன்றாகத் துடைத்தது.

“இருபத்திரெண்டாவது கேள்வி, காலணி” என்றாள். “அது ஒண்ணைத்தான் நான் மாத்தி எழுத முடியல.”

ஏழு மாட்டிப் பார்த்தான். “கொஞ்சம் பெருசால்லா இருக்கு, டீச்சர்.”

“நடந்து பாருங்க.”

நடந்தான். சரக் சரக் என்று பின்பக்கம் தரையில் தேய்ந்த அந்தச் சத்தத்தை, வாசலை நோக்கி வரும் என்று பிரகாசி நான்கு வருடமாகக் காது கொடுத்துக் கிடந்தாள். இப்போது அது விலகிப் போயிற்று. பாலம் தாண்டி, லாரி வருகிற சாலையின் திருப்பம்வரை போயிற்று. கேட்கிறவரை நின்று கேட்டாள். பிறகு தண்டவாளத் துண்டில் கம்பி விழுந்தது, தெரு முழுவதும் குடத்தோடு அவளைத் தாண்டி ஓடியது. சந்தனமாரி ஓடுகிற ஓட்டத்திலேயே, “காப்பி போட்டு மூடி வச்சிருக்கேன், ஆறிரும், போய்க் குடிங்க” என்று கத்திவிட்டுப் போனாள்.

பிரகாசி உள்ளே போய் எடுத்துக் குடித்தாள். சீனி ரொம்பத் தூக்கலாக இருந்தது.